தண்ணி நிக்குமா?

வாழ்க்கையில் உயர வேண்டும் என்று என் அப்பா ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொல்லை நான் தட்டவில்லை. முடிச்சூரில் தரைத்தளம், செம்பாக்கத்தில் முதல் மாடி, மேடவாக்கத்தில் ஐந்தாவது மாடி, கடைசியாகக் கோத்தகிரியில் நூற்று முப்பத்தாறு படிக்கட்டுக்கு மேலே ஓர் ஓட்டு வீடு. தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பத்தே வருஷத்தில் இவ்வளவு உயர்ந்தவர் வேறு யாராவது இருந்தால் சொல்லுங்கள். கைகுலுக்கிவிட்டு, கீழே இறங்கும் வழியை அவரிடம் கேட்டுக்கொள்கிறேன்.

என் பெயர் ஆரோன். இன்சூரன்ஸ் ஆபீசில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். யார் வீட்டுக்கு எந்த வழியில் ஆபத்து வரும், அதற்கு எந்தக் கட்டத்தில் டிக் அடிக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. அதனால்தான் ஆற்றுக்குப் பக்கத்தில், தெருவிலேயே தாழ்வான மனையாகப் பார்த்து வீடு கட்டினேன். "காத்து பிச்சுக்கிட்டு வரும்னு சொன்னீங்க" என்று என் மனைவி ஹில்டா இன்றைக்கும் நினைவூட்டுவாள். காற்று வந்தது உண்மை. 2015 டிசம்பரில் காற்றோடு அடையாறும் வந்தது.

காலை பத்து மணிக்கு வாசல் மிதியடியில் இருந்த தண்ணீர், பதினொன்றுக்கு ஸ்விட்ச் போர்டைத் தொட்டது. மொட்டை மாடிக்கு ஓடினோம். ஆபத்து நேரத்தில்தான் ஒருவரின் உண்மையான குணம் வெளிப்படும் என்பார்கள். கணக்கு டீச்சரான ஹில்டா, திருத்தி முடித்த நாற்பத்திரண்டு டெஸ்ட் பேப்பர்களை மார்போடு அணைத்துக்கொண்டு ஏறினாள். பக்கத்து வீட்டு மாமி, கணவர் ஸ்ரீநிவாசராகவன் சாரோடு கைப்பிடிச் சுவரைத் தாண்டி எங்கள் மாடிக்கு வந்தபோது மாமியின் இடுப்பில் புளிக்காய்ச்சல் ஜாடி இருந்தது. நான் மிக்ஸி ஜாடிகளின் மூடிகளைக் காப்பாற்றியிருந்தேன். மூன்று மூடி. ஜாடிகள் கீழே ஹாலில் மிதந்துகொண்டிருந்தன.

"மூடியை வெச்சுண்டு என்ன ஓய் பண்ணப் போறீர்? ஆத்தை மூடப் போறீரா?" என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

இரண்டு நாள் அங்கேயே இருந்தோம். அரை மணிக்கு ஒரு தரம் நான் மாடிப்படியில் இறங்கி, தண்ணீர் எத்தனையாவது படியில் நிற்கிறது என்று பார்த்துவிட்டு வந்து அறிவிப்பேன். "ஏழு." "எட்டு." "எட்டரை." என்னை யாரும் கேட்கவில்லை. பதினொன்றாவது படிக்கு வந்ததும் அறிவிக்காமல் மாடிப்படித் தலைப்பிலேயே நின்றுவிட்டேன். ஹில்டா என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்தாள். டெஸ்ட் பேப்பர் கட்டை என் மடியில் வைத்து, "கூட்டிப் பாருங்க, டோட்டல் சரியா இருக்கான்னு" என்றாள். நாற்பத்திரண்டையும் கூட்டினேன். எல்லாம் சரியாகவே இருந்தது. அவள் கூட்டல் தப்பி நான் பார்த்ததில்லை. அப்புறம் படகு வந்தது. மூடிகளோடு ஏறினேன்.

அன்றிலிருந்து மழைச் சத்தம் கேட்டால் எனக்குத் தூக்கம் போய்விடும். கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டு, தரை ஈரமாக இருக்கிறதா என்று தடவிப் பார்த்த பிறகுதான் கண்ணை மூடுவேன். ஐந்தாவது மாடியிலும் தடவினேன்.

முடிச்சூர் வீட்டை விற்றோம். வாங்க வந்தவர் முதல் கேள்வியாக, "தண்ணி நிக்குமா சார்?" என்றார். நான் யோசித்து, "ஒரு தடவைதான் நின்னுச்சு" என்றேன். அது பொய் அல்ல. மற்ற வருஷங்களில் வந்துவிட்டு உடனே போய்விட்டது. ஸ்ரீநிவாசராகவன் சார் விற்கவில்லை. ஆட்களைக் கூட்டிவந்து, வீட்டுக்கு அடியில் ஜாக்கிகளைக் கொடுத்து, வீட்டையே நாலடி தூக்கிவிட்டார். "வீடு ஏறிடுத்து ஓய். ஆனா வாசப்படி கீழேயே நின்னுடுத்து. ஆத்துக்காரி ஸ்டூல் போட்டுண்டு உள்ளே வரா" என்று போனில் சொன்னார்.

தாம்பரத்திலிருந்து மேடவாக்கம் வரை வீடு தேடும் எவரும் முதலில் கேட்பது வாடகையும் அல்ல, வாஸ்துவும் அல்ல. "தண்ணி நிக்குமா?" என்பதுதான். அதற்கு எல்லாப் புரோக்கர்களும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: "ஒரு சொட்டு நிக்காது சார்." ஆகவே புரோக்கரின் வாயைப் பார்க்கக் கூடாது, சுவரைப் பார்க்க வேண்டும் என்பது நான் கண்டுபிடித்த சாஸ்திரம். இடுப்பு வரைக்கும் மட்டும் புதுப் பெயின்ட் அடித்திருந்தால் சந்தேகம். சுவரில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல் சேற்றுக் கறை இருந்தால் உறுதி. தண்ணி மோட்டாரைத் தலைவர் சிலை மாதிரி பீடம் கட்டி மேலே உட்கார வைத்திருந்தால் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலானது ஈ.பி. மீட்டர் பெட்டி. எல்லா வீட்டிலும் கண் உயரத்தில் இருக்க வேண்டிய மீட்டர் பெட்டி, ஒரு வீட்டில் மட்டும் ஏழடி உயரத்தில் இருந்தால், ஆறடி வரைக்கும் அங்கே ஏதோ வந்து போயிருக்கிறது என்று அர்த்தம்.

இந்த சாஸ்திரத்தால் எனக்கு மதிப்பு கூடியது. வீடு பார்க்கப் போகிற சர்ச் நண்பர்கள் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்கள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்து, மீட்டர் பெட்டியை அண்ணாந்து பார்த்து, "ம்ஹும்" என்பேன். நான் சரி என்று சொன்ன வீடு இதுவரை ஒன்றும் இல்லை. மாடம்பாக்கத்தில் ஒன்றை மட்டும் சொல்லும் நிலைக்கு வந்தேன். எனக்காகவே பார்த்த வீடு. கறை இல்லை, பீடம் இல்லை, பெட்டி கண் உயரத்தில். கடைசியாக, தெருமுனையில் நின்ற ஆட்டோக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டேன்.

"தண்ணியா? நிக்காது சார்" என்றார்.

மனம் குளிர்ந்தது.

"எங்க நிக்கும்? அது பாட்டுக்கு வூட்டு முன்னால பூந்து பின்னால பூடும். போன மழைக்கு அந்த வூட்டாண்ட ஒரு விரால் மாட்டிச்சு பாரு, இம்மாம் பெருசு! நீ இன்னா சார், மீன் துன்றவன்தானே?"

தின்பவன்தான். ஆனால் அதைச் சந்தையில் பார்த்துத்தான் பழக்கம்.

செம்பாக்கத்தில் முதல் மாடிக்குப் போனோம். ஜன்னலைத் திறந்தால் ஏரி. ஹில்டாவுக்கு அது அழகு, எனக்கு அது எதிரி. ஒவ்வொரு மழைக்கும் குடையோடு போய்க் கரையோரத்து விளக்குக் கம்பத்தில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வருவேன். அக்கம்பக்கத்தார் நான் அரசாங்க ஆள் என்று நினைத்து, தெருவுக்குக் கால்வாய் எப்போது வரும் என்று மனு கொடுத்தார்கள். இரண்டு மனுக்களை வாங்கியும் வைத்துக்கொண்டேன். மறுக்க மனம் வரவில்லை. கோடு மூன்றாவது வருஷம் கால் சாண் ஏறியதும், மேடவாக்கத்துக்குப் பெயர்ந்தோம். ஐந்தாவது மாடி. அங்கே வெள்ளம் வராது. குடிக்கவும் வராது. காலையில் கேட்டில் டேங்கர் லாரி ஹாரன் அடித்தால்தான் குழாய்க்கு உயிர் வரும்.

இப்படி நான் உயர்ந்துகொண்டிருந்தபோது ஹில்டாவுக்கு என்ன நடந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். முடிச்சூரில் சர்ச் நாலு தெரு தள்ளி. முதல் மணி அடித்ததும் புடவை மடிப்பைச் சரி செய்துகொண்டு கிளம்புவாள், இரண்டாவது மணிக்குப் பாடகர் குழுவில் தன் நாற்காலியில் இருப்பாள். பெண் குரல்களில் தாழ்ந்ததான ஆல்டோ பகுதியைப் பாடுவாள். செம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் என் பின்னால். மேடவாக்கத்திலிருந்து பதினைந்து சிக்னலும் இரண்டு பஸ்ஸும். சனிக்கிழமைப் பயிற்சிக்குப் போக முடியாமல் குழுவிலிருந்து நின்றுகொண்டாள். முட்டியும் தேய்ந்தது. "சமதளத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் நடங்கம்மா, படி மட்டும் ஏறாதீங்க" என்றார் டாக்டர். எங்கள் லிஃப்ட் வாரத்துக்கு மூன்று நாள் ஓய்வெடுக்கும்.

"நீங்க ஏற ஏற சர்ச் தூரமாப் போகுது. இதுக்குக் கணக்குல நேர் விகிதம்னு பேர்" என்றாள் ஹில்டா.

அவள் ரிட்டையர் ஆன அன்று ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "அடுத்த வீடு எங்க வேணா பாருங்க. மலைல பாருங்க, கடல்ல பாருங்க. ஆனா முதல் மணி அடிச்சதும் நான் கிளம்பி, என் ரெண்டு காலால நடந்து, ரெண்டாவது மணிக்கு உள்ள உட்காரணும். அவ்வளவுதான். முப்பத்தொரு வருஷம் அடுத்தவங்க பிள்ளைங்களுக்கு மணி அடிச்சு ஓடியாச்சு. இனிமே எனக்கு அடிக்கிற மணிக்குப் போகணும்."

"பண்ணிடலாம்" என்றேன். சொல்லும்போது மனசாரத்தான் சொன்னேன்.

மலை என்று அவள் பேச்சுக்குச் சொன்னதை, எங்கள் மகள் கெசியாவும் பேச்சுக்குப் பிடித்துக்கொண்டாள். "எப்படியும் ஏறிக்கிட்டேதான் போவீங்க. ஒரேயடியா ஊட்டிப் பக்கம் போயிடுங்கப்பா." கிண்டலை யோசனையாக எடுத்துக்கொள்வது என் குலதர்மம். ஒரே வாரத்தில் ட்ரெக்கிங் ஷூ, மடக்கிக்கொள்ளும் கைத்தடி, பறவை பார்க்கும் பைனாகுலர், பதினாறு பாக்கெட் வைத்த ஜாக்கெட் எல்லாம் வாங்கினேன். கடல்மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் என்று காட்டும் ஆப்பையும் போனில் இறக்கிக்கொண்டேன். மலை வாழ்க்கைக்குப் பயிற்சியாக, மே மாதக் காலை வேளையில் தாம்பரம் சானடோரியத்துப் பச்சைமலையில் ஏறினேன். பாதியில் மூச்சு வாங்கி, இயற்கையை ரசிப்பதுபோல் ஒரு பாறையில் உட்கார்ந்தேன். எனக்கு மேலே, ரப்பர் செருப்போடு எழுபது வயதுக்காரர் ஒருவர் பூப்பறித்துக்கொண்டிருந்தார். "சார், ஆக்ஸிஜன் சிலிண்டர் எங்க?" என்று விசாரித்தார்.

கோத்தகிரியில் வீடு காட்ட வந்தவன் கிரீஷ். முப்பது வயது, குளிருக்குக் குல்லா, எல்லாவற்றுக்கும் சிரிப்பு. முதலில் கூட்டிப்போனது சர்ச் இருக்கும் தெருவில் ஒரு சின்ன வீடு. பள்ளத்தில் இருந்தது. பின்பக்கம் ஓர் ஓடை சலசலத்தது. வீட்டுக்காரம்மா மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருந்தார், சாவி கிரீஷிடம். ஹில்டா உள்ளே போகவே இல்லை. வாசலில் நின்று சர்ச்சைப் பார்த்தாள். பிறகு அதை நோக்கி நடந்து, திரும்பி வந்தாள்.

"இருநூத்திப் பன்னெண்டு அடி" என்றாள். "ஒரே சமதளம்." அவள் முகம் டென்த் ரிசல்ட் வந்த பிள்ளை முகம்போல் இருந்தது.

நான் கிரீஷிடம் திரும்பி, தொழில்முறைக் குரலில் கேட்டேன்: "தண்ணி நிக்குமா?"

கிரீஷுக்குக் கேள்வியே புரியவில்லை. "தண்ணி எதுக்குங்க சார் நிக்கணும்?"

"மழை பெஞ்சா."

"மழை பெஞ்சா ஓடிருங்க. இது மலைங்க சார். ஒரு சொட்டு நிக்காது."

அந்த வாக்கியத்தைக் கேட்டதும் என் காது விறைத்தது. முடிச்சூரில் மனை விற்றவரும் இதையேதான், இதே சிரிப்போடுதான் சொன்னார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரைச் சுற்றி வந்தேன். தெருவைப் பார்த்த பக்கச் சுவரில், என் மார்பு உயரத்தில், இந்த முனையிலிருந்து அந்த முனைவரை சேற்றுக் கறை. தடவினேன். காய்ந்த சேறு உதிர்ந்தது. மெதுவாக அண்ணாந்தேன். மீட்டர் பெட்டி ஏழடி உயரத்தில் இருந்தது. அதற்குக் கீழே, கண் உயரத்தில், பழைய பெட்டி இருந்த இடத்தில் நாலு ஆணித் துளை.

"சார், அது வந்துங்க…" என்று கிரீஷ் ஆரம்பித்தான்.

கையை உயர்த்தி நிறுத்தினேன். "வேண்டாம்ப்பா. எனக்கு எல்லாம் தெரியும்."

ஹில்டாவைத் தனியே கூப்பிட்டு, ஆதாரங்களைக் காட்டினேன். கறை. துளை. பெட்டி. பின்னால் ஓடை. "மார்பளவு வந்திருக்கு, ஹில்டா. அதுக்கப்புறம்தான் பெட்டியைத் தூக்கியிருக்காங்க. ஆளையும் ஊருக்கு அனுப்பிட்டு, நைசா நம்ம தலைல கட்டப் பார்க்கிறாங்க."

"மலைல எப்படிங்க வெள்ளம் வரும்?"

"முடிச்சூர்ல எப்படி வந்துச்சு? அங்கயும் ஆறு எங்கயோதான் ஓடுதுன்னாங்க."

அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு சர்ச்சைப் பார்த்தாள். "சரி, வேற பாருங்க. நீங்க மழை பேஞ்சா தூங்கணும்ல" என்றாள். தப்பாகப் போட்ட கணக்குக்கு ஸ்டெப் மார்க் கொடுக்கிற குரல் அது. நான் அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டேன்.

கிரீஷ் வேறு இரண்டு வீடு காட்டினான். இரண்டிலும் ஆப்பைத் திறந்து பார்த்து, "இதைவிட மேலே?" என்றேன். கடைசியில் படிக்கட்டு தொடங்கும் இடத்தில் நின்று, "இதுக்கு மேல வானந்தாங்க சார்" என்றான். நூற்று முப்பத்தாறு படி. உச்சியில் வீடு. ஆப் காட்டிய எண்ணைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் நீர் நின்றது. இந்த மாவட்டமே மூழ்கினாலும் கடைசியாக மூழ்குவது என் வீட்டு மிதியடியாகத்தான் இருக்கும். அன்றைக்கே பேசி முடித்தேன். ஹில்டா முப்பதாவது படியில் உட்கார்ந்திருந்தாள். மேலே வந்து வீட்டைப் பார்க்கவில்லை. "சர்ச் தெரியுது ஹில்டா! மேலேயிருந்து பார்த்தா அப்படியே கைக்கு எட்டுற மாதிரி இருக்கு!" என்று மேலிருந்து கத்தினேன். அதுவும் பொய் அல்ல.

ஜூன் மாதம் குடிபோனோம். முதல் வாரத்திலேயே ஓர் உண்மை தெரிந்தது. குழாய்த் தண்ணீர் தொண்ணூறாவது படிவரைதான் ஏறும். அதற்கு மேல் ஏற அதற்கும் முட்டி வலி. ஆகவே தினமும் காலையில், பதினாறு பாக்கெட் ஜாக்கெட் போட்டுக்கொண்டு, ட்ரெக்கிங் ஷூவோடு, இரண்டு கைகளிலும் பிளாஸ்டிக் குடத்தோடு தொண்ணூறாவது படிக்கு இறங்கி ஏறினேன். ஸ்ரீநிவாசராகவனுக்குப் போன் போட்டு, இங்கே டேங்கர் லாரி வருமா என்று யாரைக் கேட்கலாம் என்றேன்.

"தண்ணிக்குப் பயந்து போனீர். இப்போ தண்ணியைத் தேடறீர். பேசாம அந்த மலைக்கு ஒரு ஜாக்கி குடுத்து இறக்கிடும் ஓய்" என்றார்.

முதல் ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தது. ஹில்டா மடிப்பைச் சரி செய்துகொண்டு கிளம்பினாள். நான் கைத்தடியோடு முன்னால். மேலிருந்து நாற்பதாவது படியில் அவள் கைப்பிடிக் கம்பியைப் பிடித்து நின்றாள். எழுபதாவது படியில் இரண்டாவது மணி அடித்தது. நாங்கள் உள்ளே நுழைந்தபோது முதல் பாட்டு முடிந்து வேத வாசிப்பு நடந்துகொண்டிருந்தது. திரும்பி ஏற ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. நடுவில் மூன்று இடத்தில் உட்கார்ந்தாள். அடுத்த ஞாயிறு முட்டியில் துணி சுற்றிக்கொண்டு ஜன்னலோரம் இருந்தாள். மணிச் சத்தம் மேலே நன்றாகக் கேட்டது. அவ்வளவு உயரத்தில் சத்தம் மட்டும் எந்தக் குறையும் இல்லாமல் ஏறி வந்தது.

மூன்றாவது ஞாயிறு நான் கண் விழித்தபோது வீட்டில் அவள் இல்லை. கொடியில் ஞாயிற்றுக்கிழமைப் புடவை இல்லை. முதல் மணிக்கு முன்பே, விடிந்தும் விடியாததுமாகத் தனியே இறங்கிப் போயிருக்கிறாள். ஆராதனை முடியும் நேரம் கடந்தது. பன்னிரண்டு ஆயிற்று. ஒரு மணி ஆயிற்று. அவள் போன் மேஜைமேலேயே கிடந்தது.

பைனாகுலரை எடுத்தேன். பறவைக்கென்று வாங்கியதில் முதன்முதலாகப் பார்த்தது என் மனைவியை. பள்ளத்தில், அந்தக் கறை வீட்டின் கிரில் போட்ட வராந்தாவில், வயதான ஓர் அம்மாவோடு உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சிரித்துக்கொண்டிருந்தாள். சர்ச்சிலிருந்து அவ்வளவு தூரம்தான் அவளால் நடக்க முடிந்திருக்கிறது என்று எனக்குப் புரிந்தது. நூற்று முப்பத்தாறு படியையும் ஷூ போடாமலே இறங்கினேன்.

தெருமுனை திரும்பியதும் அப்படியே நின்றேன். அந்த வீட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டு, ஒரு லாரி அகலத்துக்குக் கறுப்பாக ஏதோ நின்றது. அதற்கு வெள்ளைக் காலுறை போட்டதுபோல் நாலு கால். வளைந்த கொம்பு. காட்டெருமை. உடம்பெல்லாம் ஓடைச் சேறு. சுவரில் தன் விலாவைச் சாய்த்து, இந்த முனையிலிருந்து அந்த முனைவரை, கண்ணை மூடிக்கொண்டு, சுகமாக, அவசரமே இல்லாமல் தேய்த்துக்கொண்டு நடந்தது. தேய்த்த இடத்தில் என் மார்பு உயரத்தில் புதுக் கறை விழுந்தது.

"அங்கயே நில்லுங்க! ஓடக் கூடாது!" என்று வராந்தாவிலிருந்து குரல் வந்தது. அதுதான் வீட்டுக்காரம்மா செல்லம்மா. ஓடுகிற நிலையில் நான் இல்லை. பத்து நிமிஷம் சிலையாக நின்றேன். அது தேய்த்து முடித்து, ஒரு தரம் என்னைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, ஓடைப் பக்கம் இறங்கிப் போனது. கிரில் கதவு திறந்தது. ஹில்டா என் கையைப் பிடித்து உள்ளே இழுத்து, பக்கத்தில் உட்கார வைத்தாள்.

"தினம் வரும்ங்க" என்றார் செல்லம்மா, எனக்கும் டீ ஊற்றியபடி. "முதுகு சொறிஞ்சுக்க எங்க சுவருதான் அதுக்குப் பிடிக்கும். ரெண்டு தடவை மீட்டர் பெட்டியைப் பேத்துடுச்சுங்க. அப்புறந்தான் ஏழடிக்குத் தூக்கி வெச்சோம். உங்களுக்கு கிரீஷ் சொல்லலீங்களா?"

கிரீஷ் சொல்ல வந்தான். எனக்குத்தான் எல்லாம் தெரிந்திருந்தது.

ஹில்டா டம்ளரைக் கீழே வைத்தாள். "அக்கா வீட்டை இன்னும் யாருக்கும் விடலையாம். பாதியில அவங்க இருப்பாங்க, பாதி நமக்கு. நான் சரின்னுட்டேன்" என்றாள். கோபமே இல்லை குரலில். அதுதான் பயமாக இருந்தது. "நான் கீழ இருக்கேன். நீங்க வேணும்னா மேலயே இருந்து பைனாகுலர்ல பாருங்க, தண்ணி வருதான்னு."

என் வாழ்நாள் கேள்வி வாய்வரை வந்துவிட்டது, விழுங்கப் பார்த்தேன். ஆனாலும் கேட்டுவிட்டேன். பழக்கம். "ஏம்மா… இங்க தண்ணி நிக்குமா?"

செல்லம்மா ஹில்டாவைப் பார்த்தார். ஹில்டா கூரையைப் பார்த்தாள்.

"நாப்பது வருஷமா இருக்கேன். தண்ணி நின்னதே இல்லீங்க" என்றார் செல்லம்மா. "மாடுதான் நிக்கும்."

அந்த வாரமே இறங்கினோம். வாழ்க்கையில் முதல்முறையாக, முன்பு இருந்ததைவிடத் தாழ்வான வீட்டுக்குச் சாமான் தூக்கினேன். மூன்று மிக்ஸி மூடிகளும் கூடவே வந்தன. ஜாடி கிடைத்தால் பொருத்திப் பார்க்கலாம் என்று இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன். முதல் நாளே அடித்துப் பெய்தது. கட்டிலிலிருந்து காலைத் தொங்கவிட்டேன். தரையில் காலுக்கு அகப்பட்டது ஹில்டாவின் செருப்பு, ஒரு ஜோடி, வாசலைப் பார்த்துத் தயாராக. ஈரம் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் மணி அடித்தது. ஹில்டா மடிப்பைச் சரி செய்தாள், பாட்டுப் புத்தகத்தை எடுத்தாள், கிளம்பினாள். "வாங்க" என்று திரும்பிச் சொன்னாள். எனக்கு ஜாக்கெட்டின் பதினாறு பாக்கெட்டில் எதில் கண்ணாடி இருக்கிறது என்று தேட வேண்டியிருந்தது. தேடி எடுத்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தால், கிரில் கதவுக்கு வெளியே அது நிற்கிறது. சேறும் அதுவுமாக. அவசரமே இல்லாமல்.

பாக்கெட்டில் போன் அடித்தது. ஸ்ரீநிவாசராகவன். "என்ன ஓய், கீழே இறங்கிட்டீராமே? மழைன்னு நியூஸ்ல சொல்றான். நிக்கறதா?"

"நிக்குது சார்" என்று கிசுகிசுத்தேன். "கேட்டுக்கு நேரா நிக்குது."

"அய்யய்யோ! எத்தனை அடி?"

"ஆறடி இருக்கும். கொம்போட."

மறுமுனையில் அவர் என்னவோ கத்தினார். நான் கேட்கவில்லை. இரண்டாவது மணி அடித்துக்கொண்டிருந்தது. அது ஓய்ந்ததும் முதல் பாட்டு எழுந்தது. அவ்வளவு பேர் பாடும்போது ஒரு ஆல்டோ குரலை இருநூற்றுப் பன்னிரண்டு அடி தள்ளியிருந்து தனியாகப் பிரித்துக் கேட்க முடியாது என்பார்கள். முடிந்தது. நான் கிரிலுக்கு இந்தப் பக்கம், அது அந்தப் பக்கம். இருவரும் ஆசீர்வாதம் முடியும்வரை நகரவில்லை.